சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்



கஷ்டம் வராத மனிதர் இல்லை. கஷ்டம் வந்தால் கிறிஸ்தவர்கள் "இதிலும் கடவுளுக்கு ஒரு நோக்கம் இருக்கு" என்பார்கள். எங்க ஆச்சியும் அடிக்கடி சொல்வாங்க. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரின் வாழ்க்கையை வைத்துப் பார்ப்போம்.

டாக்டர் மேரி வர்கீஸ்

இவர் 1925-ல் கேரளாவில் பிறந்தார். வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே டாக்டர் ஆனார். 1954-ல் உடன் வேலை செய்தவர்களோடு வண்டியில் போகும்போது விபத்து நடந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார். தொழுநோயால் நரம்பு கெட்டவர்களுக்கு விரல்கள் மடங்கிப் போகும். நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து மாற்றி இணைத்தால் விரல் மறுபடி வேலை செய்யும். அந்த ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைச் செய்தார்.

பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், ஊனமுற்றவர்களுக்கு மறுவாழ்வு தரும் மருத்துவம் கற்று வந்தார். 1966-ல் வேலூரில் அதற்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ல் மறைந்தார்.

வேதத்தில் யோசேப்பு

யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு அண்ணன்மாரே விற்றார்கள். எகிப்தில் செய்யாத குற்றத்துக்கு ஜெயில். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை, கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார். 30 வயதில் அதிகாரி ஆகி, தானியம் சேர்த்து, 7 வருடப் பஞ்சத்தில் அந்த அண்ணன்மாருக்கும் சோறு போட்டார். குழியில் கிடந்தபோது அவருக்குக் களஞ்சியம் தெரியாது.

நான் புரிந்துகொண்டது

கடவுள்தான் வண்டியைக் கவிழ்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன். விழுந்தவரை அவர் கைவிடவில்லை என்று சொல்வேன். நோக்கம் அன்றைக்கே தெரியாது. மிச்சம் இருப்பதைக் கொண்டு உழைக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். பக்கத்தில் ஒரு ஆள் துணையும் வேணும்.

எங்க தெருவில் பனையில் இருந்து விழுந்த ஒரு மாமா படுத்த படுக்கையாக இருக்கிறார். வருகிறவர்கள் "எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லி, காப்பி குடிச்சிட்டுப் போயிடறாங்க. படுக்கைப்புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். அத்தை ஒத்தையா செய்றாங்க. மாமா என்னிடம், "எனக்கு என்ன நோக்கம் பாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. ஆனா அவருக்குக் கை ரெண்டும் நல்லா இருக்கு. நார்க்கட்டில் நல்லா பின்னுவார். உட்காரத்தான் வழி இல்லை.

நானும் என் தோழியும் சக்கர நாற்காலி கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் அத்தை கொடுப்பாங்க. கிடைக்க ஜெபம் பண்ணுறோம். அதுவரை சாயங்காலம் மாமாவைப் புரட்ட எங்க அண்ணன் போறான்.

"கடவுள் சித்தம்" என்று சொல்கிற வாய்க்கு, கூடவே ரெண்டு கையும் இருக்கணும்.

யோசித்து விடை சொல்லுங்கள்:
1. யோசேப்பு ஜெயிலில் வேலை செய்யாமல் அழுதுகொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. பால் பிராண்ட் ஆறுதல் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால்?
3. உங்க தெருவில் படுத்திருப்பது யார்?

— 9ஆம் வகுப்பு மாணவி