டயலில் தொங்கிய பூட்டு

லோதி ரோடு,
புது தில்லி

அன்புள்ள யாழினி,

டிசம்பரில் நீ வந்திருந்தபோது பனிமூட்டத்தில் சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ் ஓரமாக நடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "சினிமால வர்ற சி.பி.ஐ. இதுதானா அத்தை?" என்று வாயைப் பிளந்தாய். அதே வளாகத்தில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் நிகேதனை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் போனுக்குள் யார் எட்டிப் பார்க்கலாம் என்று விதி எழுதுகிற தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அங்கேதான் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது என்று 2023-இல் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. சர்க்கார் காரியம்!

போன வாரம் போனில் அழாத குறையாகச் சொன்னாய்: "அப்பா ஃபேமிலி லிங்க் போட்டு வேவு பாக்கறாரு." எந்த ஆப், எத்தனை மணி நேரம், போன் எங்கே இருக்கிறது, இவையெல்லாம் அந்தக் கண்காணிப்பு ஆப் வழியாக அவனுக்குத் தெரியும். உன் மெசேஜை அதில் படிக்க முடியாது. அவன் கவலைப்பட வேண்டியதே அந்த மெசேஜைப் பற்றித்தான் என்பது வேறு கதை.

எங்கள் காலத்திலும் இதெல்லாம் உண்டு. 1986-இல் லோதி காலனி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. பில் ஏறுகிறது என்று உன் தாத்தா டயலின் ஓட்டையில் ஒரு குட்டிப் பூட்டை மாட்டினார். இங்கிருந்து யாருக்கும் பேச முடியாது. ஆனால் வெளியிலிருந்து வருகிற கால் வந்துகொண்டேதான் இருந்தது. அப்படித்தான் ஒருவன் தினமும் மூன்று மணிக்குக் கூப்பிட்டான். முதல் நாள் யாரென்று தெரியாமல் என் பெயரைச் சொல்லிவிட்டேன். அப்புறம் அந்தப் பெயரை வைத்தே பேசினான். நாலு மாசம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவனிடம் எனக்குப் பயமில்லை. அப்பா டெலிபோனையே பிடுங்கிவிடுவார் என்றுதான் பயந்தேன்.

நீ இன்ஸ்டாகிராமில் பிறந்த வருஷம் 2001 என்று போட்டிருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாயே, அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டிலும் பதின்வயதுக் கணக்குகள் வந்துவிட்டன. தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, கணக்கு தானாகவே பூட்டியிருக்கும், ஆபாசப் படம் வந்தால் மங்கலாகத் தெரியும். இத்தனையும் நீ 14 வயதுப் பெண் என்று அதற்குத் தெரிந்தால்தான். 2001 என்று போட்டதில் எல்லாப் பூட்டையும் நீயே கழற்றிக் கொடுத்துவிட்டாய். இன்றைக்கே மாற்று.

சரி, எல்லாம் மீறி உன் அந்தரங்கப் படம் ஒன்று தப்பான கைக்குப் போய்விட்டது, "காசு கொடு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று ஒருவன் மிரட்டுகிறான் என்று வை. பெரியவர்கள் இதைப் பிள்ளைகளிடம் பேசவே மாட்டார்கள், அதனால் நான் பேசுகிறேன். அந்தப் படம் பரவாமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது. அது புரிய, உன் கணக்கு நோட்டிலிருந்து ஒரு கிராஃப் தாளை எடு. அதில் ஒரு படத்தை வரைந்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு கறுப்பு என்று வேறொரு தாளில் ஓர் எண் போடு. பிறகு படத்தைக் கிழித்துப் போட்டுவிடு. மிஞ்சிய எண்களை வெறுமனே பார்த்து அது யார் முகம் என்று சொல்வது கஷ்டம். ஆனால் அதே படம் வேறெங்காவது வந்தால், எண்கள் ஒத்துப்போவதை வைத்துப் பிடித்துவிடலாம். ஹேனி ஃபரீத் என்ற பேராசிரியரும் மைக்ரோசாஃப்ட்டும் 2009-இல் செய்த ஃபோட்டோ டி.என்.ஏ.வின் சூட்சுமம் கிட்டத்தட்ட இதுதான். படத்தின் கைரேகை என்று வைத்துக்கொள்.

2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் தொடங்கிய 'டேக் இட் டவுன்' என்ற சேவை இந்த வழியில் போகிறது. 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால், கைரேகையை உன் போனே எடுத்துக்கொள்ளும். படம் போனை விட்டு வெளியே போகாது, உன் பெயரையும் கேட்காது. இதில் சேர்ந்திருக்கும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவை அந்த ரேகையை வைத்துத் தேடிப் படத்தை நீக்க முடியும். சேராத இடங்களில் பலிக்காது, வாட்ஸ்அப்புக்குள் ஒருவர் ஒருவருக்கு அனுப்பினாலும் பலிக்காது. மந்திரக்கோல் ஒன்றுமில்லை.

நீ பார்த்த அந்த சி.பி.ஐ. கட்டிடத்துக்கும் இதில் பங்குண்டு. குழந்தைகளுக்கு இழைத்த கொடுமைப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இன்டர்போலின் தரவுத்தளத்தில் 2022-இல் சி.பி.ஐ.காரர்கள் 68-ஆவது நாடாக இந்தியாவைச் சேர்த்தார்கள்.

மிரட்டுகிறவனுக்குப் பணம் மட்டும் கொடுக்காதே, மறுநாளும் கேட்பான். அவமானமாக இருக்கிறதென்று சாட்டை அழித்துவிடாதே, அவன் கணக்கின் பெயரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவை. தோழியின் அப்படிப்பட்ட படம் உன்னிடம் வந்தால், "பாவம்டி" என்று சொல்வதற்காகக்கூட யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதே, அதுவே குற்றம். வீட்டில் சொல்ல வாய் வரவில்லையா, 1098-க்குப் போடு. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள்.

உன் அப்பா ஆபீஸ் வேலையாக மூன்று நாளாக இங்கேதான் இருக்கிறான். நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தாத்தாவின் பூட்டைப் பற்றி அவனிடம் சொன்னேன். அந்த மூன்று மணிக் கால் அவனுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு தாளைக் கேட்டான். "யாழினி தானாக வந்து சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன்" என்று எழுதி, தேதியும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறான். அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அதை உன் ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொள்.

அன்புடன்,
தில்லி அத்தை