குண்டசாலையின் இளம் வைத்தியருக்கு, இரவு வெக்கை பற்றி



நீண்டகால நோயோடு வாழ்பவர்கள் கொண்டுவரும் முறைப்பாடுகளுள் மிக எளிதாகப் புறந்தள்ளப்படுவது, இரவில் உடம்பு காந்துகிறது, வெக்கையில் கண்மூட முடியவில்லை என்பதே ஆகும். வைத்தியர்களுக்கு அக்கறை இல்லை என்பதல்ல இதற்குக் காரணம்; கிளினிக் காலையில் நடக்கிறது, அந்த நோயோ இரவில் நடக்கிறது. நள்ளிரவு 2 மணிக்கு நனைந்த தலையணையை விட்டு எழுந்து உட்கார்ந்தவர், காலை 9 மணிக்கு வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் காத்திருக்கும்போது தோல் உலர்ந்து, வெப்பமானி 36.6 பாகை செல்சியஸ் காட்டும் நிலையில் இருப்பார். குறிப்பேட்டில் காய்ச்சல் இல்லை என்று எழுதப்படும். ஓர் அட்டை பனடோலோடு அவர் வீடு திரும்புவார். தன் கண்ணில் படாத அந்த இரவை விசாரித்து அறியக் கற்றுக்கொள்வதே குண்டசாலையில் பணியேற்பவருக்கு முதல் வேலை என்பதுதான் இக்கடிதம் சொல்ல வந்தது.

இடத்தை முதலில் அறிய வேண்டும். மலைநாடு என்றாலே குளிர் என்ற எண்ணம் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாற்றலாகி வருபவரிடம் இயல்பாக இருக்கும். கண்டி மாவட்டத்தில் மகாவலியின் கரையில் அமைந்து, 1707 முதல் 1739 வரை ஆண்ட ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் தன் அரண்மனையை அமைத்துக்கொண்ட குண்டசாலைக்கு அந்த எண்ணம் பாதியே பொருந்தும். இது கண்டி நகரைப்போல ஈரவலயத்தில் அடங்காமல், ஈரமும் வறட்சியும் சந்திக்கும் இடைவலயத்தைச் சேர்ந்தது. பள்ளேகலை, திகன, தெல்தெனிய என்று மகியங்கனை வீதியில் கிழக்கே போகப்போக வெயில் கூடும். ஏப்ரல் முற்பாதியில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும் நாட்களிலும் இரவின் வெப்பநிலை 20 பாகையை அண்டி இறங்கிவிடுவதால், வெளியே நிற்பவருக்கு இரவு இதமாகவே இருக்கும். ஆகவே நோயாளி வெக்கை என்று சொல்லும்போது, அந்த வெக்கை அவர் உடம்பில் இருக்கிறதா, அவர் படுத்திருக்கும் அறையில் இருக்கிறதா என்று பிரித்தறிவது இங்கே இயலும். இரவு முழுதும் அனல் இறங்காத ஊர்களில் பணிபுரிபவருக்கு இந்த வசதி இல்லை.

உடம்பின் இயல்பான வெப்பநிலை 37 பாகை என்பது, லைப்சிக் நகரத்து வைத்தியர் கார்ல் வுண்டர்லிக் சுமார் 25,000 நோயாளரின் அக்குளில் எடுத்த அளவுகளைத் திரட்டி 1868இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவிய கணக்கு. 1992இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் நலமுள்ள 148 பேரை வாய்வழியே அளந்தவர்கள் சராசரி 36.8 என்றும், விடிகாலையில் 37.2உம் மாலையில் 37.7உம் இயல்பின் மேல்வரம்பு என்றும் கண்டார்கள். இதிலிருந்து பெற வேண்டிய பாடம் எண்ணைவிட நேரத்தைப் பற்றியது. உடம்பின் வெப்பம் பிற்பகலில் உச்சத்தை அடைந்து, உறக்கம் நெருங்கும்போது கை கால்களின் தோலிலுள்ள குருதிக்கலன்கள் விரிந்து உள்வெப்பத்தை வெளியே விடுவதால் இறங்கத் தொடங்கி, விடிவதற்குச் சற்று முன் மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும். இரவில் சூடு தெரிகிறது என்றால் இந்த இறக்கம் எங்கோ தடைப்பட்டிருக்கிறது, அல்லது வெளியேறும் வெப்பமே தோலில் அளவுக்கு மீறி உணரப்படுகிறது என்று பொருள்.

காய்ச்சலையும் வெப்பத் தேக்கத்தையும் ஒன்றாகக் கருதுவது மிகப் பரவலான பிழை. காய்ச்சலில், மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தை ஆளும் பரிவகக்கீழ் என்னும் சிறு பகுதி தன் இலக்கையே உயர்த்திக்கொள்கிறது. அதனால்தான் 39 பாகையில் இருப்பவர் குளிர்கிறது என்று போர்வை கேட்கிறார். வெப்பத் தேக்கத்தில் இலக்கு மாறுவதில்லை. உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி நிற்கிறது, அவர் போர்வையை உதறுகிறார். உடல் வெப்பத்தில் பனடோல் செய்வது அந்த இலக்கை இறக்குவது மட்டுமே; இலக்கு உயராதவரின் வெக்கையை அது தணிக்காது. தணியவில்லையே என்று இரவில் மூன்று நான்கு தடவை விழுங்கும் நோயாளியின் ஈரல்தான் அதற்கு விலை கொடுக்கும். போர்வையை இழுத்தீர்களா, உதறினீர்களா என்ற ஒரு கேள்வி, இரத்தப் பரிசோதனைத் தாள் வரும் முன்பே வைத்தியரைப் பாதி வழிக்கு அழைத்துச் சென்றுவிடும்.

நனையுமளவு வியர்ப்பவரிடம் அடுத்துக் கேட்க வேண்டியது சீனியைப் பற்றி. இன்சுலின் ஏற்றுபவரும், சதையியிலிருந்து இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளை எடுப்பவரும் நள்ளிரவுக்குப் பின் குளிர்ந்த வியர்வையோடும் கெட்ட கனவோடும் விழித்தால், பரிசோதித்து மறுக்கப்படும் வரை அது குருதியில் குளுக்கோசு தாழ்ந்த நிலை என்றே கொள்ள வேண்டும். குருதியமுக்கத்துக்காக அற்றெனலோல் போன்ற மருந்து எடுப்பவரிடம் நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோனாலும் வியர்வை மறையாது. சில வேளை அது ஒன்றே எஞ்சும் அடையாளம். சிறுநீரகமும் பழுதடைந்திருந்தால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்குவதால், பல ஆண்டு ஒத்துப்போன அதே அளவு ஒருநாள் மிகையாகிவிடும். குருதிக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வீட்டாருக்குக் கற்பிப்பது மின்விசிறி வாங்கச் சொல்வதைவிட முந்தியது.

வியர்வையோடு உடல் மெலிவும் இரண்டு வாரத்தைக் கடந்த இருமலும் சேர்ந்தால் சளிப் பரிசோதனைக்கு நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவதில் தாமதம் கூடாது. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருந்தால் நிணநீர்ப் புற்றுநோயை நினைக்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள், மார்புப் புற்றுநோய்க்கான தமொக்சிபென் ஆகியவை தாமே இரவு வியர்வையை உண்டாக்கும். மாதவிடாய் நிற்கும் பருவமும் அப்படியே.

சிறுநீரக நோயாளரின் நிலை வேறு வகைச் சிக்கல். 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டு, காரணம் முழுதாகத் துலங்காத சிறுநீரக நோய் என்றே இன்றும் அழைக்கப்படும் வருத்தம் மகியங்கனைக்கு அப்பால் கிராந்துருகோட்டைப் பக்கத்திலும் உண்டு. கண்டி தேசிய வைத்தியசாலையை நாடி வரும் அவ்வூரவர்க்குக் குண்டசாலை வழியில் உள்ள ஊர். சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர்களின் அடிப்படை வெப்பநிலை பொதுவாகத் தாழ்ந்தே இருப்பதால், 37.3 என்ற அளவு அவர்களுக்கு உண்மையான காய்ச்சலாக இருக்கலாம். நலமான நாட்களில் எடுத்த அவரவர் அளவோடு ஒப்பிடாமல் இதை அறிய முடியாது. மேலும், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று யாருக்கும் சொல்லும் அறிவுரை, நாளுக்கு இவ்வளவே என்று நீர் அளந்து கொடுக்கப்பட்டவருக்கும் இதயம் தளர்ந்தவருக்கும் தீங்காகும். வெக்கைக்கு இளநீர் நல்லது என்று அயலவர் அன்போடு தம்பிலி வெட்டிக் கொடுப்பார்கள். அதன் 100 மில்லிலீற்றரில் சுமார் 250 மில்லிகிராம் பொற்றாசியம் உண்டு, அதை வெளியேற்ற முடியாத உடம்பில் அது இதயத்துடிப்பையே குலைக்கும். இவர்களுக்கு உள்ளே ஊற்ற முடியாத தண்ணீரை வெளியே பூசுவதே வழி: கழுத்து, முழங்கை, பாதம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்து அந்த இடங்களில் காற்றுப்பட விடுவது.

வெப்பத்தை ஆள முடியாத உடம்பு என்றால் என்ன என்று கண்ணால் காண விரும்புபவர் திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்குப் போய், முண்ணாண் காயமடைந்தவர்களோடு ஓர் இரவாவது இருந்துவிட்டு வர வேண்டும். முண்ணாண் என்பது முள்ளந்தண்டுக்குள் இறங்கும் நரம்புத் தண்டு. மரத்திலிருந்து விழுந்தோ, வீதி விபத்திலோ அது அறுபடும்போது காலசைவு போவதை எல்லோரும் அறிவர், வியர்வை போவதைப் பலர் அறியார். நெஞ்சுப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் என்றால், அதற்குக் கீழே வியர்க்கவும் தோற் குருதிக்கலன்களை விரிக்கவும் மூளை அனுப்பும் கட்டளை போய்ச் சேருவதில்லை. உடம்பின் பெரும்பகுதி சுற்றுப்புறத்தின் சூட்டையே தன் சூடாக ஏற்கத் தொடங்குகிறது. குளிர்விக்க அவர்களுக்குப் பனிக்கட்டியை நேரே வைப்பதும் கேடு, ஏனெனில் உணர்ச்சியற்ற தோல் குளிரால் புண்ணாவதை அவர்கள் அறியமாட்டார்கள். இத்தகையவர் ஒருவர் இரவில் திடீரென முகம் சிவந்து, காயத்துக்கு மேலே மட்டும் வியர்த்து, தலை வெடிக்கிறது என்றால் அது வெக்கை அன்று. ஜேர்மனியிலிருந்து தப்பிப் பிரித்தானியா சென்று 1944இல் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், 1947இல் விற்றரிட்ஜ் என்பவரோடு இணைந்து, நிரம்பிய சிறுநீர்ப்பை ஒன்றே இப்படிக் குருதியமுக்கத்தை ஏற்றிவிடும் என்று காட்டினார். இவர்களின் வழமையான அமுக்கம் 100ஐ ஒட்டி இருப்பதால், மற்றவருக்குச் சாதாரணமான 140 இவர்களுக்கு ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்தோ அடைத்தோ இருக்கிறதா என்று பார்ப்பதும், அப்போதும் தணியாவிட்டால் வைத்தியசாலைக்கு விரைவதும் தாயோ மனைவியோ கட்டாயம் கற்றிருக்க வேண்டியவை.

எல்லா அளவும் இயல்பாக இருந்தும் வெக்கையால் தவிப்பவர்கள் உண்டு. 1890இல் ஜேர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊட்ஹொப், நரம்புகளின் கொழுப்புறை சிதையும் நோயுள்ளவர்களுக்கு உடல் உழைப்பின் பின் பார்வை மங்குவதை எழுதினார். அரைப் பாகை உயர்வே உறையிழந்த நரம்பில் செய்தியை நிறுத்தப் போதும் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதுவரை இத்தகையவர்களில் எத்தனை பேர் பாசாங்கு செய்பவர்களாக எண்ணப்பட்டிருப்பார்கள் என்பதை நீடித்த களைப்பு நோயாளரை இன்று எதிர்கொள்பவர் நினைத்துப் பார்க்கலாம். வெப்பமானி 37ஐக் காட்டுவதால் முறைப்பாடு பொய்யாகிவிடாது.

அறைக்கு வருவோம். உறங்கும் ஒருவர் மணித்தியாலத்துக்கு உண்டாக்கும் வெப்பம் சுமார் 70 கிலோகலோரி. 120 மில்லிலீற்றர் வியர்வை ஆவியானால் அது முழுதும் போய்விடும். ஆனால் ஆவியாக வேண்டும். ஈரம் நிறைந்த அசையாக் காற்றில் சொட்டி மெத்தையில் ஊறும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. வருத்தக்காரருக்குப் பனி படக்கூடாது, நுளம்பு வரும், கள்ளன் வருவான் என்று மாலை 6 மணிக்கே யன்னல்கள் சாத்தப்படுகின்றன. மெத்தை நனையும் என்று அஞ்சி விரித்த பிளாஸ்ரிக் உறை முதுகின் வியர்வையை அடைத்துவைக்கிறது. தோட்டத்து லயத்தின் தகரக் கூரை பகலில் அனலைக் கொட்டினாலும் இரவில் விரைந்து ஆறும். புது வீட்டின் கொங்கிறீற்றுத் தட்டோ பகல் முழுதும் வாங்கிய வெயிலை நள்ளிரவு வரை கீழே விடும். வசதியான வீட்டு நோயாளியே அதிகம் தவிப்பது இதனால்தான். கட்டிலைக் கீழ்மாடிக்கு இறக்குவதும், நுளம்பு வலையைக் கட்டி யன்னலைத் திறப்பதும், உறைக்கு மேல் தடித்த பருத்தித் துணி விரிப்பதும் எந்தக் குளிசையைவிடவும் பயன் தரும். இங்குள்ள இரவு வெப்பநிலையில் மின்விசிறி நன்றாகவே குளிர்விக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. அத்தகைய இரவுகளுக்கு ஈரத்துணியும் பனையோலை விசிறியும் வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாலை, படுக்கும் நேரம், விழித்த நேரம், விடியல் ஆகிய வேளைகளின் வெப்பநிலையையும், வியர்த்ததா, குளிர்ந்ததா என்பதையும், அன்றிரவு எடுத்த மருந்தையும் ஒரு வாரம் அப்பியாசக் கொப்பியில் எழுதிவரச் சொல்லுங்கள். அதை எழுதப்போவது பெரும்பாலும் நோயாளி அல்லர். இரவெல்லாம் விசிறிக்கொண்டு அருகில் இருக்கும் மனைவியோ மகளோதான். கிளினிக் நாளில் அவரை வாசலில் நிறுத்திவிடாமல் உள்ளே அழைத்து, ஒரு கதிரை கொடுத்து, முதலில் அவரிடம் கேளுங்கள்.