பெயர் சொல்லும் படம்: பறவை பார்ப்போருக்குப் பயனுள்ள குறிப்புகள்

1. எடுத்த எடுப்பில் காட்டுக்குப் போக வேண்டாம். வீட்டைச் சுற்றி வரும் சிட்டுக்குருவி, மைனா, காக்கை மூன்றின் அளவும் கண்ணில் பதியட்டும். "மைனாவைவிடச் சிறியது, சிட்டுக்குருவியைவிடப் பெரியது" என்று சொல்ல முடிந்தாலே புத்தகத்தில் பல பக்கங்களைத் தள்ளிவிடலாம். ஜூம் செய்த படத்தில் தேன்சிட்டும் புறாவும் ஒரே பருமனாகத்தான் தெரியும். அதனால் அளவை அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2. புதுப் பறவை கண்ணில் பட்டதும் முதலில் ஒரு படம் தட்டிவிடுங்கள். கிளை மறைத்தாலும், கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு பக்கவாட்டில் ஒன்று, முதுகுப்புறம் ஒன்று, பறக்கும்போது ஒன்று. வயல் வரப்பில் சேற்று நிறத்தில் உட்கார்ந்திருக்கும் மடையான், எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே பறவை என்று சொல்வது கடினம்.

3. வெள்ளைக் கொக்குகளில்தான் பலரும் திணறுகிறார்கள். அழகாக நிற்கிறதே என்று முழு உருவத்தை மட்டும் எடுத்தால் போதாது. அலகும் காலும் படத்தில் விழ வேண்டும். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். அது தண்ணீரில் நின்றால் விரல் தெரியாது. அவசரப்படாமல் காத்திருங்கள், இரை தேடி அடியெடுத்து வைக்கும்போது மஞ்சள் பாதம் ஒரு கணம் வெளியே வரும், அப்போது எடுங்கள். மாடுகளின் பின்னால் திரியும் குட்டைக் கழுத்து உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும். பெரிய கொக்குக்கு வாய்ப்பிளவின் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும். முகத்தை நெருக்கமாக எடுத்திருந்தால்தான் இது தெரியும்.

4. வானத்தில் வட்டமிடும் பருந்தென்றால் வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால்நுனி நடுவில் பிளந்திருக்கும். செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும். இளம் செம்பருந்து பழுப்பாகவே இருப்பதால் நிறத்தை நம்பினால் ஏமாற்றிவிடும். வாலை விரித்துத் திரும்பும் தருணத்தில் எடுங்கள்.

5. ஆணும் பெண்ணும் வேறு வேறு பறவைபோல இருக்கலாம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியுடன் பழுப்பாக வருவது பெண்குயில். தொண்டையிலிருந்து வயிறுவரை கருங்கோடு இறங்கும் மஞ்சள் தேன்சிட்டைக் கண்டால், அது பெரும்பாலும் இனப்பெருக்கக் காலம் முடிந்து நிறம் மாறிய ஆண் ஊதாத் தேன்சிட்டு.

6. கேமராவில் ஷட்டர் வேகம்: சும்மா உட்கார்ந்திருப்பதற்கு 1/500, துறுதுறு குருவிக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. வெளுத்த வானத்தின் முன் பறவை கறுப்புப் பொம்மையாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரைப் பிளஸ் 1 ஆக்குங்கள். வெயிலில் நிற்கும் கொக்குக்கு நேர்மாறாக மைனஸ் 0.7 வையுங்கள், இல்லாவிட்டால் இறகின் இழைகள் வெள்ளையில் கரைந்துபோகும். செல்போனில் பறவைமேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கீழே இறக்கினால் போதும். ஃபோகஸ் எப்போதும் கண்ணில்.

7. மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். நடுவில் ஒரு கல் போட்டால் சின்னக் குருவிகள் அதில் உட்கார்ந்து குளிக்கும். பூனை பதுங்கும் புதரை ஒட்டி வேண்டாம். தினமும் தண்ணீரை மாற்றுங்கள், வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டுத் தேயுங்கள். கொசுவும் வராது, பறவைக்கு நோயும் வராது. தட்டுக்குப் பின்னால் தூரத்தில் பச்சை இருக்கும்படி வைத்து, ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்காருங்கள். கோடையில் சின்னான், தவிட்டுக்குருவி, குண்டுகரிச்சான் எல்லாம் தட்டைத் தேடி வரும்.

8. ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுபோனதும் லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் பையிலேயே மூடி வைத்திருந்து பிறகு எடுங்கள். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைப்பது நல்லதல்ல, தூசி உள்ளே போய்விடும்.

9. கூட்டைப் படமெடுக்க வேண்டாம் என்பதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். நாம் விலக்கிய இலையும் நின்ற இடமும் காக்கைக்கும் பூனைக்கும் வழிகாட்டிவிடும். மிரண்ட தாய் முட்டையை விட்டுவிட்டே போய்விடலாம். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று அது இரையை விட்டுவிட்டு அலையும். ஆந்தை தங்கும் மரத்தின் இடத்தைப் பொதுவில் பகிராதீர்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. நம்மால் ஃபிளாஷையாவது அணைத்து வைக்க முடியும்.

10. பெயர் தேடக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியப் பறவைத் தொகுப்பை முன்பே இறக்கிவைத்தால் இணையம் இல்லாத இடத்திலும் உதவும். அது சொல்லும் பெயரை அப்படியே ஏற்காமல், அந்த மாதத்தில் உங்கள் ஊரில் அந்தப் பறவை இருக்குமா என்று பாருங்கள். ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில்தான் தெற்கே வருகிறது; மே மாதம் சென்னையில் அதன் பெயர் வந்தால் படத்தை இன்னொரு முறை பாருங்கள். சலீம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வந்தது. இன்றும் பறவையின் பழக்கவழக்கங்களை அறிய அதைப் புரட்டலாம்.

11. எடுத்த படங்களைத் தேதி, நேரம், இடத்தோடு சேமியுங்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் செயலியில் பதிவு செய்தால் அதுவும் கணக்கில் சேரும். பெயரில் சந்தேகம் இருந்தால் படத்தை அந்தப் பட்டியலோடு இணைத்துவிடுங்கள். சரிபார்ப்பவர்களுக்கு அது உதவும்.