உளவளத்துணைக்குப் போகும் பெறாமகளுக்கு

அன்பின் பெறாமகளுக்கு,

பயிற்சி முடிந்து அடுத்த மாதம் வேலையில் சேரப்போகிறாய் என்று தங்கச்சி சொன்னா. போர்க்காலத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் நடந்ததை எப்படிக் கேட்பது என்று எழுதியிருந்தாய். கேட்காதே பிள்ளை. போய்ப் பக்கத்தில் இரு. அவவாகச் சொன்னால் கேள். கடைசிவரை சொல்லாமலே விட்டாலும் உன் வேலை குறைந்துபோகாது.

எங்கள் ஊருக்குச் செத்தவர்களை நினைக்கத் தெரியும். 1996 செப்டம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த சுண்டுக்குளி மாணவி கிருஷாந்தியை யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறித்த படையினர் வன்புணர்ந்து கொன்றார்கள். தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்று புதைத்தார்கள். 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் வாய் திறந்ததால்தான் செம்மணிப் புதைகுழிகள் வெளியே தெரிந்தன. ஆண்டுதோறும் அங்கே விளக்கேற்றுகிறோம். ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அப்படியொரு கொடுமையிலிருந்து உயிரோடு மீண்டு வந்தவளை என்ன செய்தோம்? கலியாண வீட்டில் கண்டால் குசுகுசுத்தோம். அவவின் மகளுக்குச் சம்பந்தம் வந்தபோது பழையதைக் கிளறினோம். அந்தப் பெண்கள் வாயை மூடிக்கொண்டதற்கு நாங்களும் காரணம்.

இந்திய அமைதிப்படைக் காலத்தில் பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப்போய், அவர்கள் சொன்னதை எழுதியவ டொக்டர் ரஜனி திராணகம. ‘முறிந்த பனை’ நூலில் அவ எழுதிய பகுதியைப் படி. எழுதியதோடு நின்றுவிடாமல், போக்கிடமில்லாத பெண்கள் தங்கப் பூரணி இல்லம் உருவாகவும் பாடுபட்டா. 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டா. ஒருவரின் துயரைக் கேட்கும் உரிமை, அவருக்குத் தங்க இடம் தேடிக் கொடுக்கிறவருக்குத்தான் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

மருத்துவமாதாக வீடு வீடாகத் திரிந்த காலத்தில் நான் கண்டது, இந்தக் கதைகள் உடம்பு வழியாகத்தான் வெளியே வரும். தலையிடி, நெஞ்சு இறுக்கம், கைகால் உளைவு, நித்திரையின்மை. யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரமும் இதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார்: எங்கள் சனம் மனத்தின் நோவை உடல் நோவாகவே வைத்தியரிடம் கொண்டு போகும். பெண்நோயியல் கிளினிக்குக்கு வரச்சொன்னால் ஒவ்வொரு முறையும் சாட்டுச் சொல்கிற அம்மாவை ‘விழிப்புணர்வு இல்லாதவர்’ என்று கோவையில் எழுதிவிடாதே. கூடப் போ. பெண் வைத்தியர் இருக்கிறாவா என்று முன்பே விசாரி. எங்கே தொடப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தொடச் சொல். அவ ‘நிப்பாட்டுங்கோ’ என்றால் அந்த நொடியே நிப்பாட்டும்படி பேசி வை. இவ்வளவு செய்தால், நீ காரணம் கேட்கவில்லை என்பதை அவ கவனிப்பா.

புதிதாக நடந்த வன்முறை என்றால் பொறுமைக்கு இடமில்லை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் முந்தினால்தான் பலன் கூட. அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கென்று உள்ள நட்பு நிலையத்துக்கு நேரே கூட்டிப்போ. பொலிசுக்குப் போவதா இல்லையா என்பதைப் பிறகு அவ முடிவெடுக்கட்டும். பலாத்காரத்தால் தங்கிய கருவைக்கூடத் தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றிக் கலைக்க எங்கள் சட்டம் இடம் தராது. அந்தக் கொடுமையை உணர்ந்தால் முதல் மூன்று நாளின் அருமை உனக்கு விளங்கும்.

நிறுவனத்தின் பெயர் எழுதிய வாகனத்தில் படலை வரை போய் இறங்காதே. ஒழுங்கை முழுக்கப் பார்க்கும். பெயரையும் சம்பவத்தையும் ஒரே கொப்பியில் எழுதாதே. பாலியல் வன்முறைக்கு உள்ளான ஈராக்கின் யசீதிப் பெண்களிடம் பத்திரிகையாளரும் விசாரணையாளரும் மாறி மாறி வந்து ஒரே கதையைக் கேட்டு அவர்களை உருக்குலைத்தார்கள். அந்தச் சமூகத்து நாடியா முராத்தின் பெயரால் 2022இல் ஒரு நெறிக்கோவையே வந்தது. சாட்சியம் தேவையா, வேறு வழியில் பெறமுடியாதா என்று முதலில் யோசி என்பது அதன் சாரம்.

நீதி கிடைக்கும் என்று வாக்குக் கொடாதே. 2010இல் விசுவமடுவில் மீள்குடியேறிய பெண்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்கு, யாழ். மேல் நீதிமன்றம் 2015இல் இராணுவத்தினர் நால்வருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வழக்கு வேண்டும் என்று ஒருத்தி துணிந்தால் சட்டத்தரணியைத் தேடிக் கொடு, கடைசித் தவணை வரை கூட நில். ஆனால் உள்ளதைச் சொல்லி நில்.

ஆண்களையும் மறந்துவிடாதே. தடுப்புக்காவலில் நடந்த பாலியல் வதைகள் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின் 75 சம்பவங்களில் 30க்கு மேற்பட்டவை ஆண்களுக்கு நேர்ந்தவை. குடித்துவிட்டு ஒருவரோடும் ஒட்டாமல் இருக்கிற எத்தனையோ பேரை நாங்கள் விசாரிக்காமலே விட்டிருக்கிறோம்.

வேலையில் சேரும் அன்றே மேலதிகாரியிடம் ஒன்றைக் கேட்டுவிடு. மாதம் இத்தனை பேரின் கதை பதிய வேண்டும் என்ற இலக்கு உனக்கு வேண்டாம். ஒரே வீட்டுக்கு வருடக்கணக்காகப் போய்வர அனுமதி வேண்டும். மறுத்தால் எனக்கு எழுது. நானும் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா