முன்னோரைத் தேடுவோர்க்குச் சில குறிப்புகள்

பூண்டி என்றவுடன் நம்மவர் நெஞ்சில் ஆரணியை அடுத்த ஊரும் அங்குள்ள அருகர் கோயிலுமே தோன்றும். நாம் இங்குக் கூறப்போவது வேறொரு பூண்டி. கொடைக்கானலுக்கு அப்பால், பழனி மலைத்தொடரில், மன்னவனூர்ப் பக்கம் உள்ள மலைக்கிராமம். ஆசிரியப் பணியில் ஓராண்டு அங்கே கழித்தோம்.

பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகச் சென்றபோது, குன்றுவர் குலத்து முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்த்தி மோர் தந்தார். தம் கூட்டம் தாராபுரம், காங்கயம் பக்கமிருந்து மலையேறி வந்த கதையைத் தலைமுறை தவறாமல் சொன்னார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலும் குன்றுவரின் இவ்வழக்கு பதிவாகியுள்ளது. சொல்லி முடித்தவர், “டீச்சரம்மா, உங்க பாட்டனுக்குப் பாட்டன் பேரென்ன?” என்றார். மௌரியர், குப்தர் வமிசாவளிகளைக் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவர் நாம். விடை தெரியவில்லை. பாட்டிக்குப் பாட்டி பெயரையோ கேட்கவே வேண்டா.

ஊர் திரும்பியதும் உறவினரிடம் விசாரித்தோம். பெரியவர் ஒருவர் சற்றும் தயங்காமல், “நாம் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வமிசம்” என்றார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் பவணந்தியார் துறவியல்லரோ! துறவிக்கு மாணாக்கர் வழி உண்டு. மக்கள் வழி ஏது? அவருடைய உடன்பிறந்தார் வழி என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கும் சான்று வேண்டும். திருத்தக்கதேவரைக் குலமுதல்வராகக் கொள்வோர்க்கும் இதுவே விடை. பெருமைக்கு ஆசைப்பட்டு இப்பிழையைச் செய்யும் குடும்பங்கள் நம்முள் பல.

கல்வெட்டுகளும் இதையே காட்டுகின்றன. பழனிக்கு மேற்கே பாப்பம்பட்டி அருகில் ஐவர்மலை என்னும் குன்று உள்ளது, பழம்பெயர் அயிரைமலை. அங்கே பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் சாந்திவீரக் குரவர் என்பார் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் ஓர் அடிகளின் உணவிற்குமாக 505 காணம் பொன் வைத்தார். வரகுணன் அரியணை ஏறிய ஆண்டு 862 என்று வரலாற்றறிஞர் உறுதிசெய்ததும் இக்கல்வெட்டாலேதான். இத்துணை செய்த சாந்திவீரர் தம்மைக் குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் என்றே பொறித்துள்ளார். தந்தை பெயர் இல்லை.

வந்தவாசிப் பக்கத்து வேடாலிலும் அப்படியே. ஆதித்த சோழன் காலத்தில் அங்கே கனகவீரக் குரத்தியார் என்னும் பெண்துறவியும் அவர்வழி மாணாக்கியர் 500 பேரும் இருந்தனர் என்று கல்வெட்டு கூறுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் 500 மாணாக்கியர்! நம் வகுப்பில் நாற்பது பேரை அடக்கவே நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். அவ்வம்மையாரையும் எந்தக் குடும்பமும் தன் பாட்டி என்று எழுதிக்கொள்ள இயலாது.

ஆகவே கல்வெட்டிலிருந்து கீழே இறங்கி வருதல் கூடாது. நம்மிலிருந்து மேலே ஏற வேண்டும். தந்தை, பாட்டன், பூட்டன் என ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்று தேடுக. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களே முதற்சான்று. அவற்றில் எழுதிக்கொடுத்தவரின் தந்தை பெயரும், ஊரும், நிலத்தின் நான்கெல்லைக்கு உரியவர் பெயர்களும் இருக்கும். எல்லைக்காரர் பெரும்பாலும் பங்காளிகளாகவே இருப்பர். பாட்டன் பெயரையே பேரனுக்கு இடுவது நம் வழக்கமாதலால், ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் மீண்டும் வரும். தந்தை பெயரையும் சேர்த்துப் பாராவிடில் இரு தலைமுறைகள் ஒன்றாகிவிடும்.

ஏட்டுச்சுவடி இருப்பின் இறுதி ஓலையைப் பார்க்க. எழுதியவர் பெயரும் ஆண்டும் அங்கே இருக்கக்கூடும். ஆயினும் தமிழாண்டுப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை சுழல்வது. விகாரி என்று மட்டும் இருந்தால் அது 1839ஆ, 1899ஆ? நாமே இதில் ஏமாந்து, பாட்டனார் பிறக்கும் முன்பே அவர் சுவடி எழுதியதாகக் குறித்து வைத்திருந்தோம். ஓலையைப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் சிரித்த பின்னரே திருத்தினோம்.

பெண்கள் பெயர்தான் எளிதில் கிடைப்பதில்லை. பத்திரங்களில் பெரும்பாலும் ஆண்களே. பெண்ணுக்குப் பிறந்த ஊர் வேறு, புகுந்த ஊர் வேறு. பரணில் இருக்கும் சீர்ப் பாத்திரங்களை இறக்கிப் புளியிட்டுத் துலக்கிப் பாருங்கள். பழைய பித்தளைக்கு எடைக்குப் பாத்திரம் மாற்றித் தருவோர் வாசலில் வருமுன் இதைச் செய்ய வேண்டும். நம் வீட்டில் பாதி அவ்வாறே போயிற்று. எஞ்சிய ஒரு குடத்தின் கழுத்தில், எழுத்து வெட்டுபவரின் உளி பதித்த பெயர் ஒன்று துலக்கத் துலக்கத் தெரிந்தது. தாயின் பாட்டி பெயர் என்று அத்தை உறுதிசெய்தார். நம் தங்கைக்கு இட்டிருப்பதும் அதே பெயர்தான். யாருடைய பெயர் என்று அதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.