வேலை இழந்த ஊழியருக்கு ஈ.எஸ்.ஐ. தரும் தொகை: கணக்கு எப்படி?

கடை ஊழியர் வேலை இழந்தால் ஈ.எஸ்.ஐ. மூலம் பணம் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட உறுப்பினர்கள் சிலர், "அதையும் நாம்தான் கட்ட வேண்டுமா?" என்று கேட்கின்றனர். தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. மாதாமாதம் நாம் கட்டும் சந்தாவிலிருந்தே அது கொடுக்கப்படுகிறது. ஆனால் ஊழியரின் கைக்கு எவ்வளவு வரும் என்பது நம் சம்பளப் பதிவேட்டைப் பொறுத்தது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை ஈ.எஸ்.ஐ.க்குள் வரும். 2017 ஜனவரியில் மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 2019 ஜூலையில் சந்தா குறைக்கப்பட்டது. அதற்கு முன் முதலாளி 4.75 சதவீதமும் ஊழியர் 1.75 சதவீதமும் கட்டி வந்தனர். பிறகு அது முறையே 3.25, 0.75 ஆயிற்று. மருத்துவம், நோய்க்கால உதவி, பேறுகால உதவி எல்லாமே இந்த 4 சதவீதம் சேரும் நிதியிலிருந்துதான். வேலையிழப்பு உதவியும் அதிலிருந்தே.

2005 ஏப்ரலில் வந்த ராஜீவ் காந்தி திட்டம் ஆலை மூடல், ஆட்குறைப்பு போன்றவற்றுக்கானது. நம் கடைகளுக்குப் பெரிதும் பொருந்துவது 2018 ஜூலையில் தொடங்கிய அடல் திட்டம். இது காலவரையறை உள்ளது. அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. எனவே விண்ணப்பிக்குமுன் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்குக்கு வருவோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. வேலை போவதற்கு முந்தைய நான்கு சந்தாக் காலங்களில், அதாவது இரண்டு ஆண்டுகளில், பதிவான மொத்தச் சம்பளத்தை 730 நாட்களால் வகுக்க வேண்டும். அதுதான் சராசரி நாள் கூலி. தொடக்கத்தில் அதில் 25 சதவீதம்தான் கிடைத்தது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 24 முதல், அது 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் 90 நாட்களுக்கு. வாழ்நாளில் ஒருமுறை மட்டும்.

மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவருக்கு மாதம் 14,600 ரூபாய் தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்துக்கு 3,50,400. அதை 730 ஆல் வகுத்தால் நாளுக்கு 480. பாதி 240. 90 நாளுக்கு 21,600 ரூபாய்.

அதே ஊழியருக்குப் பதிவேட்டில் 10,950 என்று எழுதி, மீதியைக் கையில் கொடுத்தால்? நாள் கூலி 360 ஆகிவிடும், பாதி 180, மொத்தம் 16,200. ஊழியருக்கு 5,400 ரூபாய் நட்டம். நமக்கு மிச்சம் மாதம் 119 ரூபாய்கூட இல்லை, இரண்டு ஆண்டுக்கும் 2,847 ரூபாய்தான். இந்த மிச்சத்துக்காக ஆய்வாளர் முன் கைகட்டி நிற்பது என்ன வியாபாரமோ!

சந்தா கட்டிய நாட்களும் முக்கியம். முதலில் நான்கு காலங்களிலும் தலா 78 நாட்கள் வேண்டும் என்றிருந்தது. 2020-இல் இதைத் தளர்த்தினார்கள். வேலை போவதற்குச் சற்று முந்தைய காலத்தில் 78 நாட்களும், மற்ற மூன்றில் ஏதேனும் ஒன்றில் 78 நாட்களும் இருந்தால் போதும். வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். திருவிழாவுக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் திரும்பாத பையனுக்கும் 78 நாள் சேர்ந்துவிடும். ஆனால் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் பெயரைப் பதிவோம் என்று நாம் தள்ளிப்போட்டால், அந்த ஆறு மாதமும் அவர் கணக்கில் வராது.

ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவருக்கும், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் சென்றவருக்கும் இந்தத் தொகை இல்லை. ஆகவே ஊழியர் விலகும்போது இணையப் பதிவில் கடைசி வேலைநாளையும் காரணத்தையும் உள்ளபடி எழுதுங்கள். வியாபாரம் படுத்ததால் நிறுத்தியவரை 'தானாக விலகினார்' என்று கணக்குப்பிள்ளை அவசரத்தில் குறித்துவிடுவது உண்டு.

முன்பு முதலாளி வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். 2020 முதல் ஊழியரே நேராக விண்ணப்பிக்கலாம். வேலை போய் 30 நாள் கழித்துத் தொகை பெறத் தகுதி வரும். பணம் அவர் வங்கிக் கணக்குக்கே போகும்.

புதிதாகச் சேரும் ஆளிடம் பழைய ஈ.எஸ்.ஐ. எண் உண்டா என்று கேளுங்கள். வேறு கடையில் வாங்கிய எண்ணே தொடர வேண்டும். புது எண் எடுத்தால் பழைய நாட்கள் சேராமல் நின்றுவிடும்.