மன்னாரிலிருந்து அக்கரைக்கு: நேரத்தை எப்படிக் கணக்குப் போடவேணும்?

தங்கச்சி, வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைச்சிருக்கிறாய், பலாலியால பிளேனில போகப்போறாய் என்று அம்மா சொன்னா. டிக்கெட் எடுக்க முதல் இதை ஒருக்கா வாசி.

தூரத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யாதே. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி கடல்வழியே 30 கிலோமீட்டர் அளவுதான். 1914இல் தொடங்கிய கப்பல், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அங்கேதான் ஓடியது. பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடி, எண்பதுகளில் அதுவும் நின்றுபோச்சு. இப்போ நாங்கள் மேற்கே இருக்கிற அக்கரைக்குப் போக, முதலில் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேணும். பஸ்சில மூன்று மணித்தியாலம் வை.

பலாலியிலிருந்து சென்னை நேர்கோட்டில் 360 கிலோமீட்டர் அளவு, திருச்சி 185 அளவு. அங்கே வாறது ஏ.டி.ஆர் என்ற காற்றாடி விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். அப்படியென்றால் திருச்சிக்கு 22 நிமிஷம் போதுமே என்று நினைப்பாய். ஓடுபாதையில உருளுறது, மேலே ஏறுறது, இறங்க வரிசையில சுத்துறது எல்லாம் தூரம் குறைந்தாலும் குறையாது. அதற்கு அரை மணித்தியாலம் கூட்டு. திருச்சிக்கு ஒரு மணித்தியாலம், சென்னைக்கு ஒன்றேகால் என்று வரும். நான் முதல்தரம் அந்த ஒன்றேகாலை மட்டும் நம்பி, சென்னையில அன்று பின்னேர ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, ரயிலை விட்டுட்டன். அழுகையே வந்திட்டுது.

வீட்டு வாசலிலிருந்து எண்ணு. பஸ்சுக்கு மூன்று, விமான நிலையத்தில மூன்று, பறக்க ஒன்று, திருச்சியில குடிவரவுக்கும் பெட்டிக்கும் ஒன்று, அங்கேயிருந்து வேளாங்கண்ணி 150 கிலோமீட்டர், நாலு மணித்தியாலம். மொத்தம் பன்னிரண்டு. மணிக்கூட்டை மட்டும் மாத்தத் தேவையில்லை, 2006 முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

இப்போ முக்கியமான விஷயம். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில தொடங்கி, இடையில நின்று, 2024 ஆகஸ்டில திரும்ப ஓடியது. கடலில 110 கிலோமீட்டர், நாலு மணித்தியாலம். பிளேனைவிட மெதுவென்று தள்ளிவிடாதே, நாகப்பட்டினத்தில இறங்கினால் மாதா கோயில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாகூருக்குப் போற எங்கட முஸ்லிம் சனத்துக்கும் இது வாய்ப்பு. ஆனால் தினமும் ஓடும் என்று நம்பாதே, மாரிக்கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில நிப்பாட்டுவினம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8 திருவிழாவுக்கோ போறதென்றால் மாரிக்கு முந்தியே போய் வந்திடலாம். கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்திக் குளிசையை ஏற முதலே போடு.

இ-விசா எடுக்கும்போது நீ இறங்குற இடத்தின் பெயர் பட்டியலில இருக்கா என்று பார். விமான நிலையத்துக்குச் செல்லுபடியாகிற விசா எல்லாத் துறைமுகத்துக்கும் செல்லுபடியாகாது.

பிளேனில போனால் உருளைப் பெட்டி பெரிதாக வேண்டாம், ஏ.டி.ஆரின் மேல்தட்டு சின்னன். கருவாட்டை வீட்டிலேயே விட்டுட்டுப் போ. பனங்கட்டி கொண்டுபோகலாம்.

எதில போனாலும் விடியற்காலை பஸ்சை நம்பி வெளிக்கிடாதே. முதல்நாளே யாழ்ப்பாணம் போய்ச் சித்தி வீட்டில படு. அவவுக்கு நான் சொல்லி வைக்கிறன்.